இரண்டு மீட்டர் பச்சை ரிப்பன்

பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த பட்டியலில் பதினான்காவது சாமான் அது. பச்சை ரிப்பன், இரண்டு மீட்டர்.

திறப்பதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கூத்தாநல்லூர் கடைத்தெருவில் நோட்டுப் புத்தகக் கடைக்காரர் பட்டியலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கோடு போட்ட நோட்டு ஆறு, போடாதது நான்கு, அட்டை போடக் காக்கித் தாள் இரண்டு சுருள், லேபிள், ஜாமெட்ரி பாக்ஸ். செழியன் கடைக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக அவர் ரிப்பன் உருளையை எடுத்தபோது, 'அது வேண்டாம்' என்று சொல்ல நினைத்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார். பெண் பிள்ளைக்குத்தானே, ரிப்பன் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்களே என்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவன் யோசித்து முடிப்பதற்குள் கத்தரி ரிப்பனில் விழுந்துவிட்டது.

செழியனுக்கு எல்லாமே இப்படித்தான். இருபத்தாறு வயது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ், பிரவுசிங் கடையில் வேலை. வருமானச் சான்று, சாதிச் சான்று, சிட்டா என்று எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டான். யாராவது ஏதாவது கேட்டால் அதை உள்ளே கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்து, பதிலோடு வெளியே வரும்போது கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார். ஊரில் அவனுக்கு ஊமைச்சாமி என்று பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதும் இல்லை. தலையை மட்டும் ஆட்டுவான். ஆமாம், இல்லை, சரி, பார்க்கலாம் எல்லாவற்றுக்கும் அந்தத் தலையாட்டல்தான்.

அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. அக்கா ஜெயபாரதிக்கு அப்போதுதான் கல்யாணமாகி இருந்தது. சீரோடு சீராகத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தவள் என்று தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். அவள் கணவர் இராஜாங்கம் குவைத்தில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். ஆறு மா நிலத்தையும் ஒரு பசுவையும் மகள் தமிழ்நிலாவையும் ஜெயபாரதிதான் பார்த்துக்கொள்கிறாள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்நிலாவின் நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிளில் பெயர் எழுதுவது மாமன் வேலை. செழியனின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பேச்சில் வராதது எல்லாம் கையெழுத்தில் வந்து நின்றுகொண்டதைப் போல. போன வருஷம் வரைக்கும் அவன் எழுதுவான், அவள் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு மேற்பார்வை பார்ப்பாள். 'இரா.'வுக்குப் பிறகு புள்ளி பெரிதாக இருக்க வேண்டும், 'ழ்' வளைய வேண்டும் என்று அதிகாரம் தூள் பறக்கும்.

அன்று பையைக் கூடத்தில் வைத்ததும் தமிழ்நிலா வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ரிப்பன் கையில் வந்தது. அதை விரல்களில் சுற்றி, அவிழ்த்து, கையோடு எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்துச் செழியன் எட்டிப் பார்த்தபோது, கன்றுக்குட்டியின் கழுத்தில் அந்தப் பச்சை ரிப்பன் பெரிய பூவாக முடிந்திருந்தது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மொட்டை போட்டு மூன்று வாரமான தலை. வெயில் பட்டு, நெல் அறுத்த வயலின் அடித்தாள் மாதிரி குத்திட்டு நின்றது முடி.

"அதுக்காவது இருக்கட்டும்" என்று கன்றுக்குட்டியிடம் சொன்னாள்.

மூன்று வாரமாக அவள் மாமனோடு பேசவில்லை.

இது ஆரம்பித்தது ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய தை மாதம். அறுவடை நேரம். வேலை முடிந்து பொழுது சாயும் வேளையில் செழியன் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். களம் போதாமல் சாலையில் நெல்லைக் காயவைத்து, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். எல்லா ஊரிலும் செய்வதுதான். நெல்லை அள்ளிக்கொண்டு போனவர்கள் இரண்டு கல்லை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தலையை மழித்து, மண்டையைத் திறந்து, உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். ஐந்து நாள் கண் திறக்கவில்லை.

அந்த ஐந்து நாளில் ஏதோ ஒரு நாள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஜெயபாரதி குலதெய்வம் காத்தாயி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். என் தம்பி கண் முழித்தால் என் மகள் தலைமுடியை உனக்கு இறக்குகிறேன். ஏன் மகள் முடி என்று பின்னால் தமிழ்நிலாவே கேட்டாள். உன் முடியை வேண்டிக்கொள்ள வேண்டியதுதானே என்றாள். ஜெயபாரதி தன்னிடம் இருப்பதிலேயே எது பெரியது என்று அந்த நேரத்தில் தேடியிருக்கிறாள், அவ்வளவுதான். இடுப்பு தாண்டித் தொங்கும் அந்த முடிக்கு, மகள் பிறந்ததிலிருந்து தன் கையால்தான் எண்ணெய் வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் தமிழ்நிலா என்றால் தெரியாதவர்கள் உண்டு, ரெட்டைச் சடை என்றால் எல்லாருக்கும் தெரியும். சடையை மடித்து ரிப்பன் கட்டினாலும் அது தோளுக்குக் கீழே தொங்கும். சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

இராஜாங்கம் லீவில் வருவதும் கோயில் திறப்பதும் ஒத்துவராமல் வேண்டுதல் ஒரு வருஷம் தள்ளிப்போனது. கடைசியில் இந்த மே மாதம், பிள்ளைக்கும் லீவு, திறப்பதற்குள் கொஞ்சம் வளர்ந்துவிடும் என்று ஜெயபாரதி நாள் குறித்துவிட்டாள். ஊரில் முடிவெட்டும் சாமிதுரையையும் அழைத்துக்கொண்டு வேனில் போனார்கள். குலதெய்வக் கோயிலுக்கு ஊர்க்காரரே வந்து முடி இறக்குவதுதான் அவர்கள் வழக்கம். தமிழ்நிலாவுக்கு முதல் மொட்டை போட்டதும் அவர்தான்.

வேனில் தமிழ்நிலா மாமனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியில் மெதுவாகக் கேட்டாள். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி பூமுடி கொடுத்தாளாம். ஒரு கற்றையில் பூவைச் சுற்றி நூலால் கட்டி, ஒரு சாண் அளவு வெட்டிச் சாமிக்குப் போட்டால் போதுமாம். வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு அதுதானாம். "எனக்கும் அது போதும்ல மாமா?"

செழியன் தலையை ஆட்டினான்.

கோயில் குளத்தங்கரையில் சாமிதுரை துண்டை விரித்து உட்கார்ந்தார். தாய்மாமன் மடி என்பது முறை. மடியில் உட்காரும் வயதைத் தாண்டிவிட்டதால் தமிழ்நிலா முன்னால் உட்கார்ந்து அவன் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டாள். ஜெயபாரதி பூசாரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தாள். சாமிதுரை தண்ணீரைத் தொட்டு முடியை நனைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பொம்பளப் புள்ள. பூமுடியா தம்பி, முழுசாவா?"

வாழ்க்கையில் தன்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்குச் செழியன் சட்டென்று பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

"முழுசா" என்றான்.

முழங்காலில் இருந்த கை இறுகியது. பிறகு தானாகத் தளர்ந்தது.

ஏன் சொன்னான் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவனுக்குத் தலைவலி. தையல் போட்ட இடத்துக்கு உள்ளே, அடிபட்ட நாளில் கடைசியாக நினைவிருக்கும் அதே வலி. யாரிடமும் சொல்லவில்லை. அம்மனுக்குச் சொன்னதைக் குறைத்துக் கொடுத்தால், அம்மன் கொடுத்ததையும் குறைத்துக்கொள்வாளோ என்று குளத்தங்கரையில் ஒரு கணம் நினைத்தான். பிள்ளையின் தலையா தன் தலையா என்று வந்தபோது தன் தலையைப் பிடித்துக்கொண்டான். வேறு விதமாக அதைச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு டாக்டரிடம் போனான். கண்ணில் பவர் ஏறியிருக்கிறது என்று கண்ணாடி மாற்றச் சொன்னார். மாற்றியதும் வலி நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும், தமிழ்நிலா கண்ணாடி முன்னால் நின்று இரும்பு ஸ்கேலைத் தலையில் வைத்து அளப்பதை அவன் கூடத்திலிருந்து பார்த்தான். பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். அது தப்புக் கணக்கு காட்டும் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். நாலு மில்லிமீட்டர். ஆறு. எட்டு. வெயில் கடுமை, பள்ளிகள் திறப்பு தள்ளிப்போகுமா என்று செய்தியில் வந்த அன்று வீட்டில் மூன்று பேரும் சாப்பிடாமல் டிவி முன்னால் நின்றார்கள். தள்ளிப்போகவில்லை.

அட்டை போடும் வேலையை இந்த வருஷம் அவளே செய்தாள். காக்கித் தாள் ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறைந்தும் இருந்தது. மூலைகள் எல்லாம் உப்பிக்கொண்டு நின்றன. லேபிளில் பெயர் எழுதாமல் வைத்திருந்தாள். ஏன் எழுதவில்லை என்று ஜெயபாரதி கேட்டதற்கு, ஸ்கூலுக்குப் போகிறவர்கள்தான் பெயர் எழுத வேண்டும் என்றாள். முடி வளர்ந்த பிறகு போகிறேன், அதுவரைக்கும் வீட்டிலேயே படிக்கிறேன், நோட்டு வாங்கியது வீணாகாது என்று பெரிய மனுஷி மாதிரி விளக்கினாள். இராஜாங்கம் போனில், கம்பெனித் தொப்பி இரண்டு அங்கே பீரோவில் கிடக்கிறதே, போட்டுக்கொண்டு போகச் சொல் என்றார். அடிப்பேன் என்று ஜெயபாரதி சொன்னாள். அடி என்று பிள்ளை சொன்னாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

வியாழக்கிழமை தஹ்மீனா டீச்சர் ஏழாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்தார். தமிழ்நிலாவின் வகுப்புக்கு அவர்தான் டீச்சர். பட்டியலில் பதினேழாவதாக அவள் பெயர் மிஷினிலிருந்து வெளியே வந்தபோது செழியன் பேப்பரைப் பிடித்துக்கொண்டான். எப்படியோ சொல்லி முடித்தான், மொட்டை போட்டதையும், அவள் வரமாட்டேன் என்பதையும். யார் சொல்லிப் போட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. சடை போட்டுத்தான் வர வேண்டும் என்பது பள்ளிக்கூட விதி ஆயிற்றே, அவளுக்கு மட்டும் தொப்பிக்கு அனுமதி கிடைக்குமா என்று கேட்டான்.

டீச்சர் தாள்களை அடுக்கித் தட்டினார். "தொப்பி போட்டுட்டு வரட்டும். ஸ்கார்ஃப் கட்டிட்டு வரட்டும். ஒண்ணுமே இல்லாமயும் வரட்டும், நான் பாத்துக்கறேன். எப்படி வரணும்னு அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

செழியன் தலையை ஆட்டினான். அது ஆமாமா இல்லையா என்று டீச்சருக்குப் புரிந்திருக்காது. அவனுக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளையின் தலையைப் பற்றி இதுவரை யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சாமிதுரைகூட அவனைத்தான் கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பழைய சாப்பாட்டுப் பையைத் தேடும்போது, சமையலறை ஆணியில் தொங்கிய ஒயர் கூடையை இறக்கினான். கோயிலுக்குப் போய்வந்த கூடை. அப்படியே மாட்டியிருந்தது. உள்ளே விபூதிப் பொட்டலம், பாதிக் கற்பூரம், காய்ந்த எலுமிச்சம்பழம். அடியில் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்தான். ஒரு முழம் மல்லிகை, பழுப்பேறிச் சருகாகி இருந்தது. கூடவே பிரிக்காத ஒரு சிவப்பு நூல்கண்டு.

ஜெயபாரதி கூடத்தில் புதுச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கன்றுக்குத் தண்ணீர் காட்டத் தமிழ்நிலா கொல்லையில் இருந்தாள். சாமிக்கு வாங்கியதை வைக்காமல் விட்டுவிட்டாயா என்று அக்காவிடம் கேட்டான்.

"சாமிக்கு வாங்குனது மாலை. அது வச்சாச்சு" என்றாள் ஜெயபாரதி. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இது பாப்பாவுக்கு வாங்குனது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்குப் பூசாரியிடம் போனது அதைக் கேட்கத்தானாம். வாய் தவறி முழுமுடி என்று வேண்டிக்கொண்டேன், பிள்ளைக்குப் பதினொரு வயதாகிவிட்டது, பூமுடி கொடுத்தால் அம்மன் ஏற்பாளா என்று கேட்டிருக்கிறாள். தாராளமாகக் கொடு தாயி, அம்மனுக்கு என்ன முடிக்குப் பஞ்சமா என்று பூசாரி சிரித்திருக்கிறார். இவள் ஓடிப்போய் வாசலில் பூவும் நூலும் வாங்கிக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தபோது பாதித் தலை மழித்திருந்தது.

"பாதித் தலையில நிறுத்துங்கன்னு சொல்ல முடியுமா? உன் முகத்தப் பாத்தேன். உனக்காக வேண்டிக்கிட்டதுன்னு நீ ஏற்கெனவே செத்துக்கிட்டு உக்காந்துருந்த. பூவ அப்படியே கூடையில போட்டுட்டேன்." இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்தாள். "அந்த சாமிதுரைதான். ஒரு வார்த்தை கேக்காம கத்திய வச்சிட்டான். கடைத்தெருவுல வச்சே அவனைக் கேட்டேன், பதிலே சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்கு?"

செழியன் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சாமிதுரை பதில் சொல்லவில்லை. அவர் நினைத்திருந்தால், உன் தம்பியைக் கேள் என்று கடைத்தெருவிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு மாதமாகத் தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் முடிவெட்ட டவுனுக்குப் போவது அவனுக்குத் தெரியும். ஏன் என்று யோசித்ததில்லை. தான் பேசாமல் இருந்தால் தன்னோடு முடிந்துபோகும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பூவை மறுபடி செய்தித்தாளில் மடித்து, கூடையின் அடியில் வைத்து, ஆணியில் மாட்டினான். அவன் வாழ்க்கையில் அவனுக்கே பிடிக்காத நாள் ஒன்றைச் சொல்லச் சொன்னால், குளத்தங்கரை நாளைச் சொல்லமாட்டான். அந்தச் சனிக்கிழமையைச் சொல்வான். அங்கே பயம் இருந்தது. இங்கே அதுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயபாரதி இரண்டாவது சீருடையைத் தேய்த்தாள். தமிழ்நிலா நோட்டுகளைப் பரப்பி, உப்பிய மூலைகளை உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தாள். நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடும் மோட்டார் முறை பற்றிக் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, பிள்ளையின் தலையைப் பார்த்து, நாளைக்குப் பள்ளிக்கூடமா, ஐயோ பாவம் என்றாள். ஜெயபாரதி பழையபடி ஆரம்பித்தாள். சாமிதுரை கேட்காமல் கத்தியை வைத்த கதை. வந்தவள் உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

தமிழ்நிலா நோட்டிலிருந்து நிமிர்ந்து மாமனைப் பார்த்தாள். கோபமாக இல்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை, கேள்வி கேட்கப்பட்ட பிள்ளையைப் பார்ப்பதைப் போல இருந்தது.

"அவர் கேட்டாருக்கா" என்றான் செழியன்.

ஜெயபாரதிக்கு முதலில் புரியவில்லை. யார் என்றாள்.

"சாமிதுரை அண்ணன். பூமுடியா முழுசாவான்னு என்னையக் கேட்டாரு. நான்தான் முழுசான்னு சொன்னேன்."

ஜெயபாரதி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள். பாவாடையின் ஓரத்தில் ஒரு பழுப்புத் தடம். ஏன்டா என்று கேட்டாள். குரல் உயரவில்லை. செழியனுக்கு எத்தனையோ சொல்ல வேண்டியிருந்தது. வந்தது இவ்வளவுதான்: "அந்த வாரம் தலை வலிச்சுச்சுக்கா."

அவள் முகம் மாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் தரையைப் பார்த்தான். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலித்ததை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டது அதைவிட மோசமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் தமிழ்நிலா. நோட்டு மூலையை அழுத்திக்கொண்டே சொன்னாள். "என் தலைக்கு மேலதான பேசுனீங்க. நீயா சொல்றியான்னு பாத்தேன். இருபத்தெட்டு நாள் ஆச்சு."

ஜெயபாரதி பாவாடையை மடித்தாள், தடம் உள்பக்கம் போகும்படி. "மொதல்ல சாமிதுரைகிட்ட போய்ச் சொல்லிட்டு வா. நாலு பேர் இருக்கறப்பவே சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் சாமிதுரையின் கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாலே பேர்தான். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சு நிறைந்து வாசலில் நிற்பார்கள். செழியன் வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, தப்பு என் மேல்தான், அண்ணன் கேட்டார், நான்தான் சொன்னேன் என்றான். ஊமைச்சாமி பேசுகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். சாமிதுரை கையிலிருந்த தாடையைச் சவரம் செய்து முடித்து, கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அந்தப் புள்ளைக்கு மொத மொட்டையும் நான்தான் போட்டேன். கேக்காம வப்பனா தம்பி?" என்றார். "உங்க அக்கா கடைத்தெருவுல நின்னு பேசுனாங்க. நீங்க என் கடை வாசல்ல நின்னு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணாயிடுமா?"

ஆகாது என்றான் செழியன்.

அக்காவை ஒருமுறை இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளுக்குத் துண்டை உதறினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது தமிழ்நிலா வாசலில் காத்திருந்தாள். சொன்னாயா என்று கேட்டாள். யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். நாலு பேரின் பெயரையும் வாங்கிக்கொண்டு, போதாது என்பதைப் போல உதட்டைப் பிதுக்கினாள். செழியனுக்கு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. நாளைக்கு எப்படிப் போக வேண்டும் என்று அவளிடம் கேட்டான். தொப்பியா, ஸ்கார்ஃபா, போகவே வேண்டாமா.

அவள் வெகுநேரம் யோசித்தாள். அந்த வீட்டில் யோசிக்கிறவன் அவன் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தான்.

"கேட் வரைக்கும் தொப்பி" என்றாள். "நீ கூட வரணும். யாராச்சும் ஏன்னு கேட்டா நீதான் சொல்லணும். நான் வாயே தொறக்க மாட்டேன். சொல்வியா?"

செழியன் தலையை ஆட்டினான்.

"தலையாட்டாத. வேன்லயும் இப்படித்தான் ஆட்டுன. வாயத் தொறந்து சொல்லு."

"சொல்றேன்" என்றான்.

திங்கட்கிழமை காலை ஸ்கேலில் பன்னிரண்டு மில்லிமீட்டர் காட்டியது. அடிபட்ட பிறகு மோட்டார் சைக்கிளைத் தொடாததால் செழியன் சைக்கிளை எடுத்தான். தமிழ்நிலா பின்னால் உட்கார்ந்து, அப்பாவின் கம்பெனித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மோட்டார் வைத்திருப்பவர்களின் நாற்றங்கால் மட்டும் அங்கங்கே பச்சையாகத் தெரிந்தது. மூன்று கிலோமீட்டரும் அவள் ஒரு கையால் தொப்பியைப் பிடித்திருந்தாள். பை முழுக்கக் கோணல் அட்டை போட்ட நோட்டுகள், பெயர் எழுதாத லேபிள்களோடு.

பள்ளிக்கூட வாசலில் எங்கே பார்த்தாலும் பச்சை ரிப்பன். எண்ணெய் வைத்து வாரிய ரெட்டைச் சடைகள். சைக்கிளை விட்டு இறங்கியவள் கேட்டுக்கு இரண்டடி முன்னால் நின்று, தொப்பியைத் தானே கழற்றி மாமன் கையில் கொடுத்தாள். கூடப் படிக்கும் பெண்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்கள்.

"ஏய் சடை, என்னடி இது?" என்றாள் ஒருத்தி. சிரிப்பு வரப் பார்த்தது, ஆனால் வரவில்லை.

தமிழ்நிலா வாயைத் திறக்கவில்லை. மாமனைப் பார்த்தாள். பிள்ளைகளை விட வந்திருந்த அம்மாக்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். செழியனுக்குக் காது சூடானது. வேண்டுதல், ஆஸ்பத்திரி, சாலையில் கிடந்த கல், எல்லாம் காரணங்களாக வரிசையில் வந்து நின்றன. அவற்றில் எதைத் தொட்டாலும் சொல்ல வேண்டியது தள்ளிப்போய்விடும் என்று தெரிந்தது.

"இவளுக்கு வேண்டாம்னுதான் இருந்துச்சு. நான்தான் போடச் சொன்னேன்" என்றான். "என் பயத்துக்கு."

அந்தப் பெண்கள் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். அந்தப் பார்வை இவ்வளவு நேரமும் தமிழ்நிலாவின் தலைமேல் இருந்தது. இப்போது இடம் மாறி அவன்மேல் விழுந்தது. உங்க மாமாவாடி, இவரா என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி அதற்குள் தமிழ்நிலாவின் தலையைத் தடவிப் பார்த்துக் கையை உதறினாள், குத்துகிறது என்று. மணி அடித்தது.

நாலடி போன தமிழ்நிலா திரும்பி வந்தாள்.

"சாயங்காலம் நாலே காலுக்கு வரணும். சாயங்காலமும் கேப்பாளுக. மத்த கிளாஸ்காரிங்கல்லாம் அப்பத்தான் பாப்பாளுக."

வருகிறேன் என்றான். எத்தனை நாளைக்கு வர வேண்டும் என்று கேட்டான்.

"ரெட்டைச் சடை போடற வரைக்கும்."

மாதம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தாலும் ஒன்றரை வருஷம். இரண்டுகூட ஆகலாம். அவள் பையின் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு பதிலுக்காக நின்றாள். பின்னால் தஹ்மீனா டீச்சர் வரிசையில் நிற்கச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"சரி" என்றான் செழியன். இந்தத் தடவையும் யோசிக்கவில்லை.